கல்யாணப் பட்டு இன்னொரு மணமேடை ஏறட்டும்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பட்டுப் புடவை பற்றிப் பேசப் போகிறேன். எங்கே வாங்கலாம், என்ன விலை என்றெல்லாம் சொல்லக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். எனக்கு அக்கறை, ஏற்கெனவே வாங்கி, ஒரே ஒரு நாள் கட்டி, மடித்து வைத்துவிட்ட புடவை மேல். நிச்சயதார்த்தத்துக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்று, மறுவீட்டுக்கு ஒன்று என்று எடுத்தோமே, அதில் முகூர்த்தப் புடவையையாவது வருடா வருடம் கல்யாண நாளில் எடுத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. மற்றவை? ரிசப்ஷன் புடவை ரொம்பக் கனம். அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குக் கட்டிக்கொண்டு போனால் 'இவளுக்குத்தான் கல்யாணம் போல' என்று சொல்வார்களோ என்று ஒரு கூச்சம். அப்புறம் குழந்தை பிறந்துவிடும், அப்புறம் அந்த டிசைன் பழசாகிவிடும். பத்து வருடம் பீரோவிலேயே கிடக்கும்.

அதே ஊரில், அதே தையில், ஒரு அப்பா மகளுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வட்டிக்குப் பணம் கேட்டு அலைந்துகொண்டிருப்பார். மண்டபம், சாப்பாடு, தாலி என்று பட்டியல் போடும்போது துணிமணிக்குக் கடைசியில்தான் இடம் வருகிறது, அதற்குள் கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிடுகிறது. இந்த இரண்டு வீட்டையும் சேர்த்து வைக்கும் வேலையைத்தான் நானும் சில தோழிகளும் பல வருடங்களாகச் செய்து வருகிறோம். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டை வாங்கி, சரிபார்த்து, கல்யாணம் நிச்சயமாகி வாங்க வழியில்லாத பெண்களுக்குக் கொடுக்கிறோம். அவ்வளவுதான் வேலை.

இது நாங்கள் மட்டும் கண்டுபிடித்த விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். கேரளாவில் மலப்புறம் மாவட்டத்தில் தூதா என்று ஒரு ஊர். வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த ஒருவர் 2020இல் அங்கே தன் வீட்டிலேயே கல்யாண உடை வங்கி தொடங்கினார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ மணப்பெண்களுக்கான உடைகள், எல்லாம் இலவசம். பெண் நேரில் வந்து பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டிலிருந்தும் பெண்கள் அங்கே போய் வாங்கி வந்ததாகச் செய்திகள் வந்தன. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, ஆதங்கமும் வந்தது. காஞ்சிபுரமும் ஆரணியும் திருபுவனமும் நம்மிடம் இருக்க, நம் பெண் எல்லை தாண்டிப் போக வேண்டியிருக்கிறதே என்ற ஆதங்கம்.

சரி, பீரோவில் கிடக்கும் பட்டு கடைசியில் எங்கே போகிறது தெரியுமா? தெருவில் கேட்டிருப்பீர்கள், 'பழைய பட்டுப் புடவை வாங்குறோம், பழைய ஜரிகை வாங்குறோம்' என்று. வாங்க வருபவர் புடவையின் நிறத்தைப் பார்க்க மாட்டார், முந்தியில் இருக்கும் அன்னத்தையும் யாளியையும் பார்க்க மாட்டார். பார்டரில் ஓர் ஓரத்தை நகத்தாலோ சின்னக் கத்தியாலோ சுரண்டுவார். உள்ளே சிவப்பு இழை தெரிந்தால் அசல் ஜரிகை. சிவப்புப் பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதன் மேல் தங்க முலாம் பூசியிருப்பார்கள், அதுதான் அசல். வெள்ளை இழை தெரிந்தால் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விடுவார். அசலாக இருந்தால் எடை போடுவார், காசு கொடுப்பார், கொண்டுபோய்ப் புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்து எடுப்பார்கள். தறியில் குறுக்கு நூல் ஓட்டும் நாடா மூன்று போட்டு, உடலுக்கு ஒரு நிறம் பார்டருக்கு ஒரு நிறமென்று இரண்டு பேர் உட்கார்ந்து கோர்வை சேர்த்து நெய்தது, கடைசியில் கொஞ்சம் சாம்பலும் கொஞ்சம் வெள்ளியும். வாங்குகிறவர் பேரில் எனக்குக் கோபமில்லை, அது அவர் பிழைப்பு. நைந்துபோன புடவைக்கு அதுவே சரியான முடிவும்கூட. கட்டக்கூடிய நிலையில் இருக்கும் புடவையும் அந்த நெருப்புக்குப் போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: கொடுப்பதானால் சீக்கிரம் கொடுங்கள். கல்யாணமாகி இரண்டு மூன்று வருடத்துக்குள் கொடுங்கள். பட்டு காத்திருக்காது. எங்களிடம் வரும் புடவைகளில் மனதைச் சங்கடப்படுத்துபவை, வாங்கிய கடையின் பிளாஸ்டிக் உறையிலேயே அப்படியே வருபவை. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். பிரித்தால் மடித்த கோட்டிலேயே நீளமாக இற்றுப் போயிருக்கும். ஜரிகை கனம், பட்டு மெலிசு, ஒரே மடிப்பில் வருடக்கணக்காக அழுத்தி வைத்தால் வேறு என்ன ஆகும்? ஜரிகை மேலேயே அந்துருண்டை போட்டிருப்பார்கள், பட்ட இடமெல்லாம் கறுத்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, நிழலில் கொஞ்ச நேரம் உதறிப் போட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து பக்கத்தில் வையுங்கள், மேலே வைக்காதீர்கள். ஜரிகை உள்பக்கம் வருகிற மாதிரி மடியுங்கள். கொடுக்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன், கொடுக்காமல் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன், மடிப்பை மாற்றுங்கள்.

நாங்கள் ஒரு புடவையை எப்படிப் பார்க்கிறோம் என்று சொன்னால் வீட்டிலேயே நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள். விரித்துப் பார்த்தால் ஊசித் துளை மாதிரி வெளிச்சம் வருகிற இடம் தெரியும். பிறகு மடிப்பு விழுந்த இடத்தை இரண்டு கட்டை விரலுக்கு நடுவில் வைத்து மெதுவாக இழுங்கள். பட்டு கெட்டியாக எதிர்த்து நிற்க வேண்டும். சரசரவென்று லேசாக ஒரு சத்தம் வந்து நூல் விலகினால் அந்தப் புடவை மேடைக்கு ஆகாது. கொசுவத்துக்குள் மறையும் இடத்தில் சின்னக் கறை இருந்தால் பரவாயில்லை, முந்தியில் இருந்தால் முடியாது. சந்தனக் கறையும் குங்குமக் கறையும் வந்தால் முகம் சுளிக்காதீர்கள், கல்யாணப் புடவையில் அது இல்லாமல் எப்படி இருக்கும்? நல்ல டிரை கிளீனிங் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார். வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்க்கத்தான் கூடாது.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். அடுத்தவர் கட்டிய கூறையை ஒரு பெண் கட்டலாமா? ராசி என்ன ஆகும்? முதலில் ஒன்று. கூறைப் புடவையைக் கொடுக்கக் கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கமானால் கொடுக்காதீர்கள். சில வீடுகளில் அதைக் கடைசி யாத்திரைக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள், அந்த உணர்வை நான் மதிக்கிறேன். ரிசப்ஷன் புடவையைக் கொடுங்கள், நிச்சயதார்த்தப் புடவையைக் கொடுங்கள், அதை இன்னொரு பெண் முகூர்த்தத்துக்கே கட்டிக்கொள்வாள். இரண்டாவது, இரவல் நகை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நம் சொந்தத்தில் எத்தனை பேர்! பாட்டி புடவையில் தொட்டில் கட்டித்தானே வளர்ந்தோம். நகையில் இல்லாத தோஷம், தொட்டிலில் இல்லாத தோஷம், பட்டில் மட்டும் எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு சம்பவம் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மனியில் பெர்கன்-பெல்சன் வதைமுகாம். 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை அதை விடுவித்தது. உயிர் பிழைத்த யூதர்களுக்குத் திரும்பிப் போக வீடு இல்லை, பல பேருக்கு ஒரு சொந்தம்கூட மிச்சமில்லை. பக்கத்திலேயே அகதி முகாம் போட்டு அங்கே இருந்தார்கள். லில்லி என்று ஒரு பெண், அந்த முகாமில் லுட்விக் ஃபிரீட்மன் என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவாயிற்று. லில்லிக்கு ஒரே ஒரு ஆசை, வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு கல்யாணம் செய்ய வேண்டும். உடம்பை மூட ஒழுங்கான துணி கிடைக்காத இடம் அது. லுட்விக் என்ன செய்தார் என்றால், முன்பு ஜெர்மன் விமானப்படையில் இருந்த ஒருவரிடம் ஒரு பாராசூட் இருப்பதைத் தெரிந்துகொண்டு, ரேஷனில் கிடைத்த இரண்டு பவுண்டு காப்பிக் கொட்டையையும் சிகரெட்டையும் கொடுத்து அந்தப் பாராசூட்டை வாங்கினார். முகாமிலேயே மிரியம் என்று ஒரு தையல்காரப் பெண் இருந்தார். அவர் அந்த வெள்ளைத் துணியை வெட்டி, முழுக்கை வைத்து, கழுத்துப்பட்டி வைத்து, இடுப்பில் பின்பக்கம் முடிச்சு வைத்து அழகான கவுனாகத் தைத்தார். மிச்சத் துணியில் மாப்பிள்ளைக்கு ஒரு சட்டையும் ஆயிற்று! 1946 ஜனவரி மாதம் கல்யாணம், நல்ல பனிக்காலம், செல்லே என்ற ஊரின் யூதக் கோவிலில். முகாமிலிருந்து ஜனங்கள் அங்கே நடந்தே போனார்கள்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். லில்லியின் சகோதரி தன் கல்யாணத்துக்கு அதே கவுனைப் போட்டார். பிறகு உறவுக்காரப் பெண் ஒருத்தி. பிறகு முகாமில் கல்யாணம் நிச்சயமான பெண்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். 17 வரைக்கும் எண்ணியதாகவும் அதன் பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டதாகவும் லில்லி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 17க்கு மேல் மணப்பெண்கள், ஒரே உடை, நேயர்களே. அவர் அமெரிக்காவுக்குப் போகும்போது அதைக் கூடவே எடுத்துப் போனார். பிறகு அது வாஷிங்டனில் அருங்காட்சியகத்தில் இருந்தது, பெர்கன்-பெல்சன் நினைவிடத்து அருங்காட்சியகத்திலும் வைத்தார்கள். எல்லாம் பறிபோன இடத்தில் ஒரு பெண் இன்னொருத்திக்கு உடையைக் கொடுத்து 'நீயும் போட்டுக்கொள்' என்று சொல்லியிருக்கிறாள். அதைப் போட்ட எந்தப் பெண்ணும் இது முதலில் யாருடையது என்று யோசித்துத் தயங்கியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அரண்மனையிலும் இது நடக்கிறது. 2020இல் இங்கிலாந்து இளவரசி பியாட்ரிஸ் தன் கல்யாணத்துக்குப் பாட்டி எலிசபெத் மகாராணி 1960களில் உடுத்திய கவுனைப் போட்டுக்கொண்டார். அவருக்காக அதில் கை வைத்துத் தைத்து மாற்ற வேண்டியிருந்தது. கவுன் என்றாலே அந்தத் தொல்லை, ஒவ்வொரு உடம்புக்கும் பிரித்துப் பிரித்துத் தைக்க வேண்டும். நம் புடவைக்கு அது வேண்டியதே இல்லை. ஒல்லியோ குண்டோ நெட்டையோ குட்டையோ, கொசுவத்தில் இரண்டு மடிப்பு கூடும், குறையும், அவ்வளவுதான். இதைவிடக் கைமாற வசதியான கல்யாண உடை வேறு எது இருக்கிறது சொல்லுங்கள்.

கொடுக்கும் விதம் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. ஒரு பெண் வந்தால் ஒரு புடவையைக் கையில் கொடுத்து அனுப்ப மாட்டோம். பாய் விரித்து நிறையப் புடவைகளைப் பரப்பிவிட்டு, கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, தோளில் போட்டுப் பார்க்கச் சொல்வோம். ஒருமுறை அம்மாவோடு வந்த பெண், அம்மா இருப்பதிலேயே சாதாரணமான ஒன்றை எடுத்து 'இது போதும் விடு' என்று சொல்ல, ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினாள். கண் மட்டும் ஓரத்தில் இருந்த மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்டதிலேயே இருந்தது. என் தோழி அதை எடுத்துத் தோளில் போட்டுவிட்டாள். முந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்றுதான். 'அக்கா, இதைத் திருப்பித் தரணுமா?' தர வேண்டாம்மா என்றோம். உனக்குப் பிடிக்கும் வரைக்கும் வைத்துக்கொள், வேறு யாருக்காவது கொடுக்கத் தோன்றினால் கொடு.

கொடுப்பவர்கள் சிலர் மணப்பெண்ணோடு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. நான் இதில் யாரோடும் சமரசம் செய்துகொண்டதில்லை. அந்தப் பெண்ணின் மாமியார் வீட்டுக்கு இது எங்கிருந்து வந்த புடவை என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. எங்களிடம் எந்தப் புடவை மேலும் கொடுத்தவர் பெயர் இருக்காது. கணவரை இழந்த பெண்கள் தங்கள் கல்யாணப் பட்டைத் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்து, 'இதை எடுத்துப்பீங்களா' என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க வைத்துவிட்டோமே என்றுதான் எனக்கு இருக்கும். எடுத்துக்கொள்வோம். மற்ற புடவைகளோடு சேர்த்து வைப்போம், அதற்கென்று தனி அடுக்கு கிடையாது.

இன்னொன்று, அன்புச் சுவர் என்று சில ஊர்களில் வைத்திருக்கிறார்கள் அல்லவா, வேண்டாததை வைக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம். ரொம்ப நல்ல ஏற்பாடு, சட்டை, பேன்ட், போர்வை எல்லாம் வையுங்கள். பட்டை அங்கே வைக்காதீர்கள், வெயிலிலும் தூசியிலும் ஒரு வாரத்தில் வீணாகிவிடும்.

நிலையத்தார் நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ரவிக்கை பற்றியும் மாப்பிள்ளை உடை பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். தைத்த ரவிக்கையையும் புடவையோடு கொடுங்கள், உள்ளே தையலுக்குத் துணி விட்டிருந்தால் பிரித்துப் பெரிதாக்கலாம், சின்னதாகவும் பிடிக்கலாம். ரொம்ப இறுக்கமாகிவிட்டால் கையை மட்டும் எடுத்து வேறு துணியோடு சேர்த்துத் தைத்துக் கொடுக்கத் தெரிந்த தையற்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், கல்யாணப் பெண்ணுக்கு என்று சொல்லிப் பாருங்கள், பாதிக் கூலிக்குக்கூடச் செய்து கொடுப்பார்கள். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், ஒரு நாள் போட்ட கோட்டு சூட்டு, கிறிஸ்தவக் கல்யாணத்து வெள்ளைப் புடவை, கவுன் எல்லாவற்றுக்கும் கேட்டு வருகிறவர்கள் உண்டு. மாப்பிள்ளை உடைதான் எங்களுக்கு எப்போதும் பற்றாக்குறை, அதனால் ஆண்களும் அலமாரியைத் திறந்து பாருங்கள். சுத்தம் செய்து, மடிப்பு மாற்றி, துணிப்பையில் போட்டுக் கொடுங்கள், பிளாஸ்டிக்கில் வேண்டாம். வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.