நேர்வாளமும் சுண்டெலியின் முதுகும்

(தருமபுரியில் ஒரு ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நாட்டு மருந்துக் கடையில் நேர்வாளக் கொட்டை கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். யாருக்கு, எதற்கு, நஞ்சு நீங்கச் சுத்தி செய்யத் தெரியுமா என்று கேட்காமல் தரமாட்டார். பேதிக்கான சரக்கு அது. அளவு தப்பினால் ஆளைச் சாய்த்துவிடும். அதன் எண்ணெய் பட்ட இடம் சிவந்து கொப்பளிக்கும். அரூர்ப் பக்கத்தில் வாழ்ந்த என் பாட்டி அதை இடித்த உரலைக்கூட எங்களைத் தொட விடமாட்டார். தோல் புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்பதில் பாதிப் பதில் அந்த எண்ணெயில் இருந்துதான் வந்தது.

1775-இல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். புகைபோக்கிக்குள் ஏறிக் கரி துடைத்தவர்களுக்கு, விரைப்பையின் தோலில் புற்று வந்தது. கரிதான் காரணம் என்று எழுதினார். ஆனால் விலங்கின் தோலில் அதை உண்டாக்கிக் காட்ட யாராலும் முடியவில்லை. தடவிப் பார்த்தவர்கள் சில வாரத்தில் கைவிட்டார்கள்.

டோக்கியோவில் யாமகிவா கட்சுசபுரோவும் இச்சிகாவா கோயிச்சியும் கைவிடவில்லை. முயலின் காதில் தார் தடவினார்கள். இன்று நம் ரோட்டுக்கு ஊற்றுவது பெட்ரோலியத்தில் வருவது. அவர்கள் எடுத்தது நிலக்கரியைச் சுட்டு வடித்த தார். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, மாதக்கணக்கில் அதே காதில் தடவினார்கள். முதலில் மரு, பிறகு புற்று. 1915-இல் முடிவை வெளியிட்டார்கள். பின்னால் லண்டனில் இரண்டு டன் தார்க்கசடை வடித்து, அதற்குள் இருந்த பென்சோபைரீன் என்ற பொருளைப் பிரித்தார்கள். புகையிலைப் புகையிலும் அது இருக்கிறது.

இனிதான் நேர்வாளம் வருகிறது. 1940-களில் ஆக்ஸ்போர்டில் ஐசக் பெரன்பிளம், பிறகு அவரோடு பிலிப் ஷுபிக், சுண்டெலியின் முதுகில் முடியை மழித்து ஒரு சோதனை செய்தார்கள். டி.எம்.பி.ஏ. என்ற, புற்றை உண்டாக்கும் பொருளை ஒரே ஒரு முறை, மிகக் குறைவாகத் தடவினார்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. வேறு எலிகளுக்கு நேர்வாள எண்ணெயை மட்டும் திரும்பத் திரும்பத் தடவினார்கள். தோல் புண்ணாகும், ஆறும். கட்டி அநேகமாக வராது. முதலில் டி.எம்.பி.ஏ. ஒரு முறை, அப்புறம் வாராவாரம் நேர்வாள எண்ணெய் என்றால் முதுகெல்லாம் மரு. அதில் சில புற்றாக மாறின. வரிசையை மாற்றி எண்ணெயை முதலில் தடவினால் வருவதில்லை.

இதைவிட என்னை உறைய வைத்தது வேறொன்று. முதல் தடவலுக்குப் பின் பல மாதம் சும்மா விட்டுவிட்டு எண்ணெயைத் தொடங்கினாலும் மரு வந்தது. இரண்டு வருடம் வாழும் பிராணிக்குப் பல மாதம் என்பது நமக்கு எத்தனை வருடம்! மானாவாரிக் காட்டில் மழை வரும்வரை மண்ணுக்குள் கிடக்கும் சாமை விதையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அப்படிக் கிடந்திருக்கிறது. அது என்ன விதை என்பது 1980-களில் தெரிந்தது: ராஸ் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. மழை எது? தோலைத் திரும்பத் திரும்பப் புண்ணாக்கி, வளரச் சொல்லி விரட்டுவது.

எண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை. அந்த எலிகளில் காயமே அந்த வேலையைச் செய்தது. இதை நான் நம் ஊரில் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன வயதில் அடுப்பில் சுட்ட தழும்பு, இருபது முப்பது வருடம் கழித்தும் வெடித்து வெடித்து ஆறாமல் கிடந்தால் அதில் புற்று வரலாம். பாவாடை நாடா ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கி, இடுப்பில் புற்று வந்த பெண்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் தோலின் கருமை வெயிலில் இருந்து பெருமளவு காக்கிறது. தழும்பில் இருந்து காப்பதில்லை. அப்படி ஒரு புண் இருப்பவர்கள் மஞ்சளைப் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள்.

பேச்சுக்கு முன்னால் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "ஏன் சார், அந்த வாயில்லா ஜீவன் என்ன பாவம் பண்ணுச்சு?" ஒரு பாவமும் பண்ணவில்லை அம்மா. வேறு வழி இருந்தால் விலங்கைத் தொடாதே, தொட்டால் எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று 1959-இலேயே இரண்டு ஆங்கிலேயர்கள் எழுதி வைத்தார்கள். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குழுவின் அனுமதி இல்லாமல் செய்ய முடியாது. தெரிந்த விடையைத் திரும்பக் காண ஓர் எலியைக் கொல்வது தவறு என்றே முப்பது வருடம் வகுப்பில் சொல்லி வந்தேன். எலி நம்மைப் போலவும் இல்லை. அதன் தோல் மெல்லியது, முடி அடர்ந்தது. நிறம் தரும் செல்கள் அதற்கு முடிக்காலில் இருக்கின்றன, நமக்கு மேல்தோலின் அடிவரிசையில். எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்கு எழுதிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு மீன். வரிக்குதிரை மீன், நம் நாட்டு ஓடைகளில் திரியும் விரல் நீளம்கூட இல்லாத மீன். மெலனோமா என்ற கரும்புற்றுக்கு வேண்டிய மரபணுக் கோளாறை அதன் நிறச் செல்கள் எல்லாவற்றிலும் வைத்தார்கள். கருவாக இருக்கும்போது மட்டும் வேலை செய்து பிறகு ஓய்ந்துவிடும் ஒரு மரபணு மீண்டும் விழித்தால் பச்சையாக ஒளிரும்படியும் செய்தார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில், ஒரே ஒரு செல் ஒளிர்ந்தது. அதைத் தொடர்ந்து பார்த்தபோது அங்கேதான் கட்டி எழுந்தது. புற்றின் முதல் செல்லைக் கண்ணால் பார்த்தார்கள்! ஆனால் அந்த மீனுக்கு வாழ்நாளில் வந்தவை ஒன்று முதல் மூன்று கட்டிகள்தான். அதே கோளாறைச் சுமந்த மற்ற செல்கள் எல்லாம் ஏன் சும்மா இருந்தன? அவற்றைக் கட்டிப்போட்டது எது? மாணவர்களே, உங்களில் யாராவது இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்றுதான் இன்று வந்தேன்.