புல் தின்று வளரும் பழுப்புச் சிறகு

நேயர்களுக்கு வணக்கம். பொழுது சாயும் நேரத்தில் கண்மாய்க்கரையில் நடந்தால், காலடியிலிருந்து ஒரு சருகு எழும்பும். நாலு முழம் தள்ளிப் போய் மறுபடி சருகோடு சருகாகக் கிடக்கும். அது சருகில்லை, அந்தியில் பறக்கும் பழுப்பு வண்ணத்துப்பூச்சி. இன்று பேச வந்தது அதன் மலைச் சொந்தத்தைப் பற்றி.

நீலகிரி நால்வளையம் என்று பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், உயரத்துப் புல்வெளிகளில் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. விரித்த சிறகு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். மங்கல் பழுப்பு, அதில் மஞ்சள் வளையமிட்ட கருங்கண்கள்.

அந்தக் கண்கள் வெறும் அழகுக்கு இல்லை. கொத்த வரும் பல்லியும் குருவியும் கண்ணைப் பார்த்துக் கொத்தும். கண் இருப்பதோ சிறகோரம். ஓரம் கிழிந்தாலும் பறக்கலாம், உடம்பு தப்பிவிடும். நம்மூர்ப் பழுப்பில் இன்னொரு சங்கதி உண்டு. மழைக்காலத்தில் பிறப்பதற்குக் கண்கள் பளிச்சென்றிருக்கும். வறண்ட காலத்தில் பிறப்பதற்குக் கண்கள் சுருங்கிப் புள்ளியாகி, மூடிய சிறகு காய்ந்த இலையாகவே தெரியும். ஒரே இனம், இரண்டு உடுப்பு!

மலைப் பூச்சிக்கும் நம்மூர்ப் பூச்சிக்கும் புழுப் பருவத்தில் சோறு புல்தான். நம்மூர்ப் புழு பச்சை நிறம், தலையில் இரண்டு கொம்பு, நெல்லிலும் இருக்கும். அதைக் கண்டதும் மருந்தடிக்க வேண்டாம், பெரிய சேதம் செய்யாது.

மலையில் புல்லைக் கெடுத்தது வாட்டில். தோல் பதனிடப் பட்டை வேண்டி ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம். நிழல் கவிந்தால் புல் சாகும், புல் செத்தால் புழு இல்லை. மரத்தை வெட்டினால் மட்டும் தீராது. விதை மண்ணில் பல ஆண்டு கிடந்து, வெயில் பட்டதும் மொத்தமாக முளைக்கும். கன்றுகளை வருடாவருடம் பிடுங்க வேண்டும், அங்கத்திய புல்லையே நட வேண்டும். இராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், சீமைக்கருவேலத்தோடு படும் பாடு தெரியும். தூரைத் தோண்டாமல் மேலே வெட்டினால் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். அதன் அடியில் புல் ஏது? புல், புல், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

நேரம் நெருங்கிவிட்டது, வீட்டில் பார்க்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்திப் பழுப்பு பூவை விட அழுகிய பழத்தைத்தான் தேடும். நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டைக் கொஞ்சம் கருப்பட்டியோடு பிசைந்து, இரண்டு நாள் மூடி வையுங்கள். புளித்ததும், பொழுது சாய ஒரு மணி நேரம் முன்னால் மர நிழலில் தட்டில் வையுங்கள். தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே வைக்க மறந்தால், முதலில் வருவது எறும்புதான். வணக்கம்.