‘வாழைபலம்’ என்று தேடினால் ஏன் ஒன்றும் கிடைப்பதில்லை?

[திரையில்: மளிகைத் தளம் ஒன்றின் தேடல் பெட்டி. ‘வாழைபலம்’. முடிவுகள்: 0]

குரல்: கடையில் வாழைப்பழம் இருக்கிறது, தேடலில் இல்லை. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில், எழுத்துப்பிழையைப் பொறுக்கும் ‘ஃபஸ்ஸி’ தேடலை ‘ஆட்டோ’வில் வைத்தாலும் இதே கதிதான்.

ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை திருத்தம் தேவை என்று அது எண்ணிப் பார்க்கிறது. குறி என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகு; 2 குறி வரையுள்ள சொல்லுக்குத் திருத்தமே கிடையாது. 3 முதல் 5 வரை என்றால் 1, அதற்கு மேல் 2. எவ்வளவு நீளமான சொல்லானாலும் 2தான் உச்சம்.

[திரையில்: ‘ப்’ என்ற எழுத்து, ‘ப’ தனியாகவும் புள்ளி தனியாகவும் பிரிகிறது]

தமிழ் அடிவாங்குவது இங்கேதான். அது எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோட் என்ற கணினி எழுத்துமுறையின் குறியை. ‘ப்’ நமக்கு ஓர் எழுத்து. அதற்கு இரண்டு குறி. அந்த ஒற்றெழுத்தை விட்டாலே 2 திருத்தமும் தீர்ந்துபோகும். ழகரம் லகரமானது மூன்றாவது.

ஆகவே பொருளின் பெயர் இருக்கும் ஃபீல்டுக்குத் (தகவல் புலத்துக்குத்) துணையாக இன்னொரு ஃபீல்டு வையுங்கள். ஒலிச்சாவி என்று அழைப்போம். அதன் அனலைசரில், அதாவது சொல்லைத் தேடலுக்குத் தயார்செய்யும் பகுதியில், முதலில் எழுத்துக்கு எழுத்து மாற்றும் ‘மேப்பிங்’ ஃபில்டர்: ழ, ள இரண்டும் ல ஆகட்டும்; ற, ர ஆகட்டும்; ண, ந இரண்டும் ன. பிறகு ஒரு வடிவத்தைக் கண்டு மாற்றும் ‘பேட்டர்ன் ரிப்ளேஸ்’: ஒரே மெய் இரட்டித்தால் ஒற்றெழுத்தை நீக்கச் சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்றினால் ‘பள்லி’ என்று அடித்தவரின் இரட்டிப்பு பிடிபடாது.

[திரையில்: வாழைப்பழம், வாழைபலம், வாளைப்பலம் மூன்றும் ‘வாலைபலம்’ ஆகின்றன]

இந்த இரண்டு ஃபில்டருக்கும் முன்னால், ஒரே எழுத்தின் வெவ்வேறு குறி வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் நார்மலைசேஷன் வேண்டும். ‘கொ’வின் கொம்பையும் காலையும் சில இடங்களில் தனித்தனிக் குறியாகவே சேமித்திருப்பார்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலுக்குத் தெரியும். பழைய பதிவுகளுக்குச் சாவி தானாக வராது. புது இண்டெக்ஸ் (தேடல் பட்டியல்) தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிவிடுங்கள்.

[திரையில்: பள்ளி, பல்லி, பலி மூன்றும் ‘பலி’]

இதற்கு விலையும் உண்டு. பள்ளிச் சீருடை தேடியவருக்குப் பல்லி மருந்து வரக்கூடாதல்லவா? அதனால் முதலில் அசல் ஃபீல்டில் தேடி, அங்கே 0 வந்தால் மட்டும் சாவிக்குப் போங்கள். போனபின் சத்தமில்லாமல் சொல்லை மாற்றாதீர்கள். ‘வாழைப்பழத்துக்கான முடிவுகள்’ என்று மேலே காட்டுங்கள்.

வெறும் ‘பலம்’ என்று அடித்தால் சிக்கல் வேறு. சத்துமாவு விவரத்தில் ‘உடல் பலம்’ இருந்தால் 0 வராது, சாவியும் திறக்காது. அந்த 0 சோதனையைப் பொருளின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விவரப் பகுதியை அதில் சேர்க்காதீர்கள்.