மேசைக்கு அடியில் எழுதிய பெயர்
(புதுச்சேரியில் தச்சுத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு நல்ல தச்சரைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். உள்ளூர்க்காரர் யாரையாவது சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் சொல்லப்போகிறவர் அமெரிக்காவில் ஸ்போகேன் என்ற ஊரில் 1905-இல் பிறந்தவர். அப்பா, அம்மா ஜப்பானியர்கள். பேர் ஜார்ஜ் நகாஷிமா. ஆனால் அவர் மரச்சாமான் என்று முதன்முதலில் செய்து பார்த்தது இந்தப் புதுச்சேரியில்தான். அதனால் அவர் மேல் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

படித்தது கட்டிடக்கலை. டோக்கியோவில் ஆண்டோனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞரிடம் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நேரம் அரவிந்தர் ஆசிரமத்தில் தங்கும் விடுதி ஒன்று கட்டும் வேலை ரேமண்டிடம் வந்தது. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலமாகப் பணம் கிடைத்ததால், அந்த ஊர்க் கோல்கொண்டாவின் பெயரில் அதற்கு ‘கோல்கொண்டே’ என்று பெயர். நம் ஊர் வெயிலையும் புழுக்கத்தையும் யோசித்துக் கட்டிய கட்டிடம். வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் திருப்பி வைக்கக்கூடிய கான்கிரீட் பட்டைகள், அறைகளுக்குத் தேக்கில் தள்ளுகதவு. இந்தியாவின் ஆரம்பகால கான்கிரீட் கட்டிடங்களில் அது ஒன்று. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரமவாசிகள். கொத்து வேலையோ கம்பி வேலையோ அதற்கு முன் தொட்டறியாதவர்கள்.

1937-இல் இந்த வேலையை மேற்பார்க்க வந்த நகாஷிமா, கொஞ்ச நாளில் ஆசிரமத்திலேயே சேர்ந்து, சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுந்தரானந்தா என்று அங்கே அவருக்குப் பெயர் வைத்தார்கள். சம்பளத்தை விடச் சொல்லி உங்களுக்கு நான் உபதேசம் செய்யவில்லை, பயப்படாதீர்கள். அந்த மனிதருக்குக் கல்யாணம் ஆகாத வயசு, சோறும் தங்க இடமும் ஆசிரமத்தில் கிடைத்தது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்தே சாப்பிட்டு, சேர்ந்தே வாழ்கிற பழக்கம் அவருக்கு இங்கேதான் ஒட்டிக்கொண்டது.

1939-இல் இங்கிருந்து கிளம்பினார். 1941-இல் மரியன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு சியாட்டில் நகரத்தில் சின்னதாகப் பட்டறை போட்டார். அடுத்த வருஷமே, ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, அமெரிக்க அரசாங்கம் தன் சொந்தக் குடிமக்களையே முகாம்களில் அடைத்தது. மொத்தம் சுமார் 1,20,000 பேர். இவரும், மனைவியும், பிறந்து சில வாரமே ஆன மீரா என்ற பெண் குழந்தையும் ஐடஹோ மாநிலத்துப் பொட்டல் காட்டில் மினிடோகா முகாமுக்குப் போனார்கள். தார்க் காகிதம் அடித்த கொட்டகை. புழுதி.

அந்த முகாமில் கெந்தாரோ ஹிக்கோகாவா என்று ஒருவர் இருந்தார். ஜப்பானில் முறையாகத் தொழில் கற்ற தச்சர். பட்டம் வாங்கிய கட்டிடக் கலைஞர் அவரிடம் எடுபிடியாக நின்றார். ஜப்பானிய ரம்பத்தை இழுத்து அறுப்பது, இழைப்புளியைத் தன் பக்கம் இழுத்து இழைப்பது, உளியைத் தீட்டுவது, பொருத்து வெட்டுவது எல்லாம் அங்கே கற்றதுதான். மரத்துக்கு எங்கே போவது? கட்டிட வேலையில் கழித்த துண்டுகளும் பொட்டலில் முளைத்த முறுக்கு மரங்களும்தான். படிப்பைச் சட்டை மாதிரி கழற்றி வைத்துவிட்டு ஒரு ஆசாரிக்குக் கீழே உட்கார்ந்தாரே, அவர் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் அதுதான் என்பேன்.

1943-இல் அதே ரேமண்ட் பொறுப்பேற்று அவரை வெளியே எடுத்தார். பென்சில்வேனியாவில் நியூ ஹோப் என்ற ஊர்ப் பக்கம் அவருடைய பண்ணையில் முதலில் கோழி வளர்ப்புதான் வேலை. பிறகு உழைப்பைக் கொடுத்து, பதிலுக்கு மூன்று ஏக்கர் நிலம் வாங்கினார். முதலில் எழுந்தது பட்டறை; அதுவரை குடும்பம் கூடாரத்தில். கணக்கு வழக்கு, வந்தவரிடம் பேசுவது எல்லாம் மரியன் கையில். மகள் மீரா கட்டிடக்கலை படித்துவிட்டு 1970-இல் அப்பாவின் பட்டறைக்கே வந்தார். மகன் கெவினும் அங்கேதான் வேலை பார்த்தார். குடும்பம் என்றதும் எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். அப்பாவிடம் வேலை பார்ப்பது லேசில்லை என்று மீராவே சொல்லியிருக்கிறார்.

இப்போது வேலைக்கு வருகிறேன். வெடித்த பலகையை நாம் என்ன செய்வோம்? வெடிப்பு வரைக்கும் அறுத்துத் தள்ளுவோம். இல்லை என்றால் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே பாலிஷ் ஏற்றுவோம். சிரிக்கிறீர்கள், நீங்களும் செய்கிறவர்கள்தானே! அவர் வெடிப்பை அப்படியே விட்டார். அது மேலே ஓடாமல் இருக்க, இரு ஓரமும் அகன்று நடுவில் ஒடுங்கிய கட்டையைக் குறுக்கே குழி வெட்டி இறக்கினார். பலகையின் வெளி ஓரத்தையும் நேராக அறுக்கவில்லை. மரம் எப்படி வளைந்து வளர்ந்ததோ அப்படியே மேசை ஓரம். வந்தவரோடு சேர்ந்து பலகையைத் தேர்ந்து, அந்தப் பலகைக்கு ஏற்றபடி காகிதத்தில் படம் போடுவார்.

அவர் செய்த மேசையைக் கவிழ்த்துப் பார்த்தால் பல சமயம் மையில் ஒரு பெயர் இருக்கும். வாங்கியவருடைய பெயர். தன் கையெழுத்தைப் போடும் வழக்கம் பின்னால் வந்ததுதான். இன்றைக்கு ஏலத்தில் அந்தக் கையெழுத்தைத் தேடுகிறார்கள். எனக்கு அந்த இன்னொரு பெயர்தான் பிடித்திருக்கிறது.

1989-இல் ஒரு வாடிக்கையாளர் வீடு தீப்பிடித்து, அவர் செய்து கொடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்கள் எரிந்துபோயின. அப்போது அவருக்கு 84 வயது. எல்லாவற்றையும் மறுபடி செய்து தரும் வேலையைத் தொடங்கினார். 1990 ஜூனில் இறந்தார். மிச்சத்தை முடித்துக் கொடுத்தது மீராவும் பட்டறை ஆட்களும். பட்டறை இன்றும் நடக்கிறது.

கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு ஆசை. பிரம்மாண்டமான வால்நட் மரம் ஒன்று கிடைத்தது. அதை அறுத்து, கண்டத்துக்கு ஒன்றாக அமைதிக்கென்று மேசை செய்து வைக்க வேண்டும் என்று. முதலாவது 1986-இல் நியூயார்க்கில் ஒரு பெரிய தேவாலயத்துக்குப் போனது. இன்னொன்று அவர் இறந்த பிறகு, 1996-இல், எங்கே வந்தது தெரியுமா? பக்கத்தில் இருக்கும் ஆரோவில்லுக்கு.

பஸ்ஸில் போனால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். இரண்டு பலகை எங்கே சேர்கிறது, கட்டை எந்த இடத்தில் இறங்கியிருக்கிறது என்று தொழில் தெரிந்த கண்ணோடு பாருங்கள். ஏதாவது குறை தெரிந்தால் அதையும் அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.