கறிவேப்பிலை என்றார் நண்பர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். லாரின் ஹில், வைக்ளிஃப் ஜான், பிராஸ் என்ற மூவரின் அமெரிக்க ஹிப்-ஹாப் இசைக்குழு ஃபியூஜீஸ். அது வென்றது கூட்டாலா, தனித்திறமையாலா? கூட்டால்தான்!

எதிரணி நண்பர் சற்றுமுன் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். "லாரின் ஹில்தான் குழம்பு, பிராஸ் வெறும் கறிவேப்பிலை" என்றார். ஐயா, அந்தக் கறிவேப்பிலை இல்லையென்றால் அடுப்பே எரிந்திருக்காது! நியூ ஜெர்சியின் கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில் லாரினைப் பாட்டுக்குச் சேர்த்தவர் யார்? பிராஸ். வைக்ளிஃப் ஜானை அழைத்து வந்தவர் யார்? அதே பிராஸ். ஆள் சேர்த்தவனை இலையோரம் ஒதுக்குவது எந்த ஊர் நியாயம்?

குழுவின் பெயரைப் பாருங்கள். வைக்ளிஃப் ஹெய்ட்டியில் பிறந்தவர். பிராஸ் ஹெய்ட்டிப் பெற்றோரின் பிள்ளை. அமெரிக்காவில் ஹெய்ட்டிக்காரர்களை 'ரெஃப்யூஜி' என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்கள். அகதி! அந்த வசவையே சுருக்கிப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். இதில் லாரினுக்கு என்ன வந்தது? அவர் ஹெய்ட்டிக்காரர் அல்ல. அந்த வசவு அவர்மீது விழுந்ததே அல்ல. ஆனாலும் நண்பர்கள் வாங்கிய வசவைத் தன் பெயராக ஏற்றார். திரும்பச் சொல்கிறேன்: தன்மேல் விழாத கல்லைக் குனிந்து எடுத்துத் தானும் சுமந்தார்! இவரையா தனி ஆள் என்கிறீர்கள்?

1994-ல் முதல் ஆல்பம் விலைபோகவில்லை. ஈஸ்ட் ஆரஞ்சில் வைக்ளிஃபின் உறவினர் வீட்டு நிலவறைக்குள் இறங்கி மறுபடி உழைத்தார்கள். 1996 பிப்ரவரியில் இரண்டாம் ஆல்பம் 'தி ஸ்கோர்' வந்தது. மறு ஆண்டு இரண்டு கிராமி. அதே ஆண்டு குழு உடைந்தது.

"தனியாகப் போன லாரின் 1999-ல் ஐந்து கிராமி வாங்கினாரே" என்பார் நண்பர். வாங்கினார், மறுக்கவில்லை. விருது வாங்கிய அந்தத் தனி ஆல்பத்தின் முதல் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். கூட இருந்தவர்மேல் கொதிக்கும் கோபம் அது. உறவே இல்லாதவர்மேல் அப்படியொரு கோபம் வருமா?

2004 செப்டம்பர். புரூக்ளினில் ஒரு தெருக் கச்சேரி. பிரிந்து ஏழு ஆண்டுகள் கழித்து மூவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். பாடகி ரொபெர்ட்டா ஃப்ளாக் 1973-ல் ஊரறியச் செய்த 'கில்லிங் மீ சாஃப்ட்லி' பாட்டை, 'தி ஸ்கோர்' ஆல்பத்தில் தாங்கள் புதுப்பித்த பாட்டை, லாரின் மறுபடி எடுத்தார். 'தி ஸ்கோர்' ஒலிப்பதிவு உங்கள் எல்லோர் காதிலும் இருக்கும். லாரின் உருகிப் பாடும்போது இடையிடையே வைக்ளிஃப் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பார். பாட்டு அல்ல, வெறும் எண்ணிக்கை. பக்கத்தில் நான் நிற்கிறேன், நீ பாடு என்பதுபோல ஒரு குரல்.

நண்பரே, அந்தக் குரலை எடுத்துவிட்டு அந்தப் பாட்டை உங்களால் கேட்க முடியுமா? என்னால் முடியவில்லை. வணக்கம்.