1942இல் காக்கி உடுத்தியவன்

நண்பர்களே, வணக்கம்.

1942இல் நடந்த ‘வெள்ளையனே வெளியேறு’ என்ற ஆகஸ்ட் போராட்டத்தைப் பற்றிய கதைகளில் போலீஸ்காரருக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். தடியோடு வருவார், அடிப்பார், போய்விடுவார். அவரை நடுவில் வைத்து இனி எழுதப்பட வேண்டிய ஒரு நாவலைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். லஞ்சம் வாங்கமாட்டேன், ஏழை சொல்லைக் கேட்பேன் என்ற வைராக்கியத்தோடு வேலைக்கு வந்த ஒரு இளம் சப்-இன்ஸ்பெக்டர். அவனுக்கு அந்த வருடம் என்ன செய்திருக்கும்?

முதலில் அவன் பக்கத்து நியாயத்தை நாவல் முழு மனதோடு சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்துவிட்டது. ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். சென்னையை விட்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள். பர்மாவிலிருந்து மலைக்காடுகள் வழியாக நடந்தே வந்தவர்களில் நம் ஜனங்கள் எத்தனை பேர்! இதையெல்லாம் கண்ணால் பார்த்த பையனுக்குப் போராட்டக்காரர்கள் பெயர்க்க வரும் தண்டவாளத்தைக் காப்பது நாட்டைக் காப்பதாகத்தான் தோன்றும். ராஜாஜியே அந்தப் போராட்டத்தை ஏற்கவில்லை. ஆகவே அவனைக் கோழை, அடிவருடி என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது.

அப்புறம் ஆகஸ்ட் 8 வருகிறது. பம்பாயில் காந்தி பேசியதில் அரசு ஊழியர்களுக்கும் ஒரு பகுதி உண்டு. இப்போதே ராஜினாமா செய்ய வேண்டாம், ஆனால் நாங்கள் காங்கிரஸின் பக்கம் என்று சர்க்காருக்கு வெளிப்படையாகத் தெரிவித்துவிடுங்கள் என்றார். சிப்பாய்களிடம், சொந்த மக்களைச் சுட மறுத்துவிடுங்கள் என்றார். எவ்வளவு கடினமான கோரிக்கை! வேலையை உதறிவிட்டு ஓடுவது இதைவிடச் சுலபம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் எத்தனை பேரால் முடியும்?

சரி, சம்பவங்களுக்கு வருவோம். நம் பக்கத்திலேயே கதைக்குப் பஞ்சமில்லை. தேவகோட்டையில் நீதிமன்றம் எரிந்தது. திருவாடானையில் கூட்டம் சிறையை உடைத்துக் காங்கிரஸ் பேச்சாளர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தது. சூலூரில் விமானதளம் எரிந்தது. குலசேகரப்பட்டினத்தில் உப்பு அதிகாரி லோன் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்கு விதித்தார்கள், பிறகு அது குறைக்கப்பட்டது.

எழுதுகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கிச் சூட்டை உச்சக்கட்டமாக வைக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. சுடும் நேரத்தில் பயம் இருக்கிறது, கல் பறக்கிறது, மேலதிகாரியின் உத்தரவு இருக்கிறது. அவன் உண்மையில் அகப்பட்டுக்கொள்வது அன்று ராத்திரி, ஸ்டேஷனில் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிக்கை எழுதும்போது. எத்தனை ரவுண்டு சுட்டோம்? கலைந்து போகச் சொல்லி முதலில் எச்சரித்தோமா? விழுந்தவன் கையில் ஆயுதம் இருந்ததா? வயதான ஏட்டு பக்கத்தில் நின்று, "அருவா இருந்துச்சுன்னு எழுதுங்க சார், எல்லாருக்கும் நல்லது" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. ஐந்து பெண்ணைப் பெற்றவர். அவன் இலட்சியம் உயிரோடு இருக்குமா என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதற்கு நாற்பது பக்கம் ஒதுக்கினாலும் தகும். மறுவாரம் ஊர் மேல் கூட்டு அபராதம் போடுவார்கள். அதை வசூலிக்க அவனே வீடு வீடாகப் போயாக வேண்டும்.

எதிர்த்தவர்களே இல்லையா? இருந்தார்கள். வேலையை விட்டுப் போராட்டத்தின் பக்கம் போன போலீஸார் நாடு முழுக்க 216 பேர் என்று அன்றைய அரசுக் கணக்கு சொல்கிறது. அவர்களில் 205 பேர் பீகாரைச் சேர்ந்தவர்கள். ராமானந்த் திவாரி என்ற கான்ஸ்டபிள் அங்கே சக போலீஸ்காரர்களைத் திரட்டிச் சிறைக்குப் போனார். பிற்காலத்தில் அதே பீகாரில் போலீஸ் இலாகாவுக்கே அமைச்சரானார். அவர் கதை யாராவது எழுதிவிடுவார்கள். அவரோடு போகாமல் ஸ்டேஷனிலேயே தங்கி, 1947க்குப் பிறகும் அதே காக்கியில், தான் கைது செய்த மனிதருக்கே சல்யூட் அடித்தவன் இருக்கிறானே, அவனுடைய நாவலுக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.