கை குலுக்கினால் உறவு சேர்ந்துவிடாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையாரே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

"முறிந்த உறவைச் சேர்ப்பது மன்னிக்கும் மனமா, மனந்திரும்பும் மனமா?" என்பது தலைப்பு. மனந்திரும்பும் மனமே என்கிறது எங்கள் அணி. மன்னிப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களுக்கும் மன்னியும் என்று கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும் வாய் அதைச் சொல்லுமா? ஆனால் மன்னிக்க ஒருவர் போதும், உறவு சேர இருவர் வேண்டும்.

எதிரணித் தலைவர் யோசேப்பைக் காட்டினார். தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மாரை, எகிப்தின் அதிபதியான பிறகும் கட்டிக்கொண்டு அழுதானே, அதுதான் மன்னிப்பின் வல்லமை என்றார். அது வேதத்தின் முதல் புத்தகம், ஆதியாகமம் 45-ஆம் அதிகாரம். அதற்கு முந்தைய நான்கு அதிகாரங்களை ஏன் ஐயா தாண்டினீர்கள்? மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தபோதே, என் வருத்தத்தையெல்லாம் மறக்கும்படி தேவன் செய்தார் என்றான் யோசேப்பு. பஞ்சம் இன்னும் வரவில்லை, அண்ணன்மார் எகிப்தை எட்டிப் பார்க்கவில்லை. மனதில் ஆறிவிட்டான். உறவு சேர்ந்ததா? இல்லை.

அவர்கள் தானியம் வாங்க வந்ததும் அவன் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. தம்பி பென்யமீனின் சாக்கில் வெள்ளிக் கோப்பையை வைக்கச் சொன்னான். தம்பியை விட்டுவிட்டு ஓட அண்ணன்மாருக்கு மறுபடியும் ஒரு வாய்ப்பு! இந்தத் தடவை ஓடவில்லை. இளையவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வந்தது யார்? யூதா. யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா! விலை 20 வெள்ளிக்காசு. அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் யோசேப்பால் அடக்க முடியாமல் போயிற்று. விற்றபோது அவனுக்கு வயது 17, இப்போது 39. இத்தனை வருடம் திறக்காத கதவு யூதா மாறியதும் திறந்தது.

அப்போதும் அண்ணன்மார் அவனிடம் நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்கவில்லை. விளைவு என்ன? தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருடம் வாழ்ந்து இறந்தார். அடக்கம் முடிந்ததும் பழைய பயம் எழுந்தது: "இனி நம்மைப் பழிவாங்குவானோ?" சோறு போட்டான், குடியிருக்க இடம் கொடுத்தான், அழுது முத்தமிட்டான். இருந்தும் அந்தப் பயம் போகவில்லை. 50-ஆம் அதிகாரத்தில்தான், அதுவும் ஆள் அனுப்பி, மன்னிப்புக் கேட்கிறார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் மன்னிப்புப் பெற்றவனுக்கே நிம்மதி இல்லை.

அடுத்து வந்த எதிரணிச் சகோதரி, "எழுபது தரம் ஏழு" முறை மன்னிக்க இயேசு சொன்னாரே என்றார். சரி. அதைத் தொடர்ந்து இயேசு சொன்ன உவமையையும் பாருங்கள். ராஜா தன் ஊழியக்காரன் பட்ட பத்தாயிரம் தாலந்து என்ற பெருங்கடனை மொத்தமாகத் தள்ளுபடி செய்தார். வெளியே வந்தவன், நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் தொண்டையைப் பிடித்தான். கடன் போயிற்று, ஆள் மாறவில்லை. ராஜா தள்ளுபடியையே ரத்து செய்துவிட்டார்! லூக்கா 17:3 இன்னும் நேராகச் சொல்கிறது: "அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக."

மனந்திரும்புதல் என்றால் கண்ணீர் மட்டுமல்ல. சகோதரியின் ஐந்து பவுனை வாங்கி அடகு வைத்து மூழ்கடித்த அண்ணனை எடுத்துக்கொள்வோம். திருவிருந்து ஞாயிறன்று ஆலய வாசலில், நாலு பேர் பார்க்க, "ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுக்கோம்மா" என்கிறார். அந்த "ஏதாவது"தான் காரியத்தைக் கெடுக்கிறது. செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்: "உன் நகையை எடுத்தேன், மீட்டுத் தருவேன்னு பொய் சொன்னேன்." அதன் வாலில் "ஆனா என் நிலைமை அப்படி" என்று ஒட்டினால் அது மன்னிப்புக் கேட்பதல்ல, வாதாடுவது. தனியே போக வேண்டும். கூட்டத்தில் கேட்டால் அவளால் மறுக்க முடியாது, வாங்கின சம்மதம் வீடு வரை நிற்காது.

பிறகு ஈடு. லேவியராகமம் 6 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. ஐந்து பவுன் எடுத்தவர் ஆறு பவுனாகத் தர வேண்டும், பலி செலுத்தும் அதே நாளில். வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் தருகிறேன் என்றான். ஒரேயடியாக முடியாவிட்டால் மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று சொல்லிவிட்டு, கேட்கும் முன்பே கொடுக்க வேண்டும். நம்பிக்கை மெல்லத்தான் திரும்பும். அதுவரை "இன்னுமா மறக்கல?" என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லை.

இயேசு சொன்ன உவமையில், சொத்தை வாங்கிப்போய் அழித்த கெட்ட குமாரனின் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாரே என்பீர்கள். ஓடினார். மகன் வீட்டை நோக்கி வரும்போது ஓடினார். அவன் பன்றி மேய்த்த தூரதேசத்துக்கு அவர் போகவில்லை.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிற இடம் ஒன்று உண்டு, நடுவர் அவர்களே. கணவனிடம் அடிபட்டு ஆலோசனைக்கு வரும் பெண்ணிடம், "மன்னிச்சு, வீட்டுக்குப் போம்மா" என்று சபைப் பெரியவர்கள் சொல்கிறார்களே, எந்த வேதத்தில் இருக்கிறது? அவள் கசப்பைச் சுமக்காமல் மன்னிக்கலாம். மன்னித்துவிட்டுத் தாய் வீட்டிலேயே இருக்கலாம். தன் பாதுகாப்புக்காகப் போலீசில் புகாரும் கொடுக்கலாம். குடியை விட்டானா, கையை ஓங்காமல் எத்தனை மாதம் இருந்தான், செய்ததைத் தன் பெற்றோர் முன்னிலையில் ஒத்துக்கொண்டானா என்று அவனிடம் கேளுங்கள். அவளிடம் கேட்ட கேள்விகள் போதும்.

தீர்ப்பு உங்கள் கையில். நன்றி.